அரத்தைத் தூக்கிப் போடாதீங்க சாமி!

மழுங்கிப் போன அரத்தை என்ன செய்யலாம் என்று பெங்களூரில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது. "தூக்கிப் போடுங்க சார். ஆன்லைன்ல பத்து பீஸ் செட்டே நானூறு ரூபாய்க்குக் கிடைக்குது." அலுவலக நண்பர் சொல்கிறார். பொம்மனஹள்ளியில் எங்கள் தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரர் சொல்கிறார். எதிர் ஃப்ளாட்டுக்கு அலமாரி செய்ய வந்த கான்ட்ராக்டரும் அதையேதான் சொன்னார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அரம் என்றால் தெரியாது. ஃபைல் என்றால் லேப்டாப்பைத் திறப்பார்கள் :-) இத்தனைக்கும் திருக்குறளில் மூன்று இடத்தில் (567, 888, 997) அரம் வருகிறது. இங்கே கன்னடத்திலும் அதற்குப் பெயர் 'அர'தான். எஸ்.பி. ரோடு கடையில் ஒரு நாள் 'ஃபைல்' என்று கேட்காமல் வேண்டுமென்றே 'அரம்' என்று கேட்டுப் பார்த்தேன். வயதான கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எஷ்டு இஞ்சு?" என்றார். எத்தனை இன்ச் என்பதைத் தவிர வேறு விளக்கம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

மர வேலைக்கு இரண்டு வகை வேண்டும். ஒன்று, இரும்புக்கும் மரத்துக்கும் பொதுவான அரம். இதில் பல் என்பது குறுக்கே வெட்டிய கோடுகள். இன்னொன்று மரத்துக்கென்றே உள்ள ராஸ்ப். இதில் கோடு கிடையாது. ஒவ்வொரு பல்லும் முள் மாதிரித் தனித்தனியாக எழும்பி நிற்கும். கோட்டு அரத்தில் மரத்தூள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ராஸ்பில் பல்லுக்குப் பல் இடைவெளி இருப்பதால் தூள் வெளியே வந்துவிடும். ராஸ்ப் வேகமாகத் தின்னும், அரம் அதன் பின்னால் வந்து வழவழப்பாக்கும். ஒன்று இல்லாமல் இன்னொன்றை வைத்து மாரடிப்பதால்தான் பாதிப் பேர் "இந்த வேலையே நமக்கு ஒத்து வராது" என்று ஓடிப் போகிறார்கள்.

இந்தச் சாதாரண இரும்புத் துண்டை உண்டாக்க எவ்வளவு பாடு தெரியுமா? கார்பன் அதிகமுள்ள எஃகை அடித்து, மெதுவாக ஆறவைத்து மென்மையாக்கி, தட்டையாகத் தீட்டி, பிறகு உளியும் சுத்தியலும் வைத்து ஒவ்வொரு பல்லாக வெட்ட வேண்டும். அப்புறம்தான் சூடேற்றித் தண்ணீரில் முக்கிக் கடினமாக்குவது. இதற்கு இயந்திரம் செய்ய லியோனார்டோ டாவின்சியே படம் போட்டுப் பார்த்திருக்கிறார். ஆனாலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 19-ஆம் நூற்றாண்டு முழுக்கக் கையால்தான் பெரும்பாலும் வெட்டினார்கள். ஒரு பக்கம் வெட்டி முடித்து மறுபக்கம் திருப்பும்போது பல் உடையாமலிருக்க அடியில் ஈயக் கட்டை வைப்பார்கள். அந்த ஈயம் உடம்பில் ஏறி வெட்டுகிறவர்கள் நோயாளிகளானார்கள். அந்தக் காலத்தில் மழுங்கிய அரத்தை யாரும் எறியவில்லை. திரும்ப மென்மையாக்கி, பழைய பல்லைத் தேய்த்தெடுத்து, புதுப் பல் வெட்டி மீண்டும் விற்றார்கள். 'யூஸ் அண்ட் த்ரோ' என்ற ஞானம் நமக்கு வந்தது நேற்றுத்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம். நீங்கள் செத்துவிட்டது என்று நினைக்கிற அரத்தில் பாதிக்கு மேல் சாகவே இல்லை. பல்லிடுக்கில் அழுக்கு அடைத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான். பிளைவுட்டில் தேய்த்த பசை, தேக்கு எண்ணெய், பழைய வார்னிஷ் எல்லாம் சேர்ந்து இறுகிப் பல்லை மூடிவிடுகிறது. பல் மரத்தைத் தொடாவிட்டால் எப்படி வெட்டும்?

சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் அரத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். பல் நுனியில் வெள்ளை வெள்ளையாக மினுக்கினால் அது மழுங்கல். கூர்மையான நுனி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது, கறுப்பாகத்தான் தெரியும். பெரும்பாலும் பார்த்தால் கைப்பிடியை ஒட்டிய பகுதியும் நுனியும் புத்தம் புதிதாக இருக்கும், நடுவில் மட்டும்தான் தேய்ந்திருக்கும். ஏனென்றால் எல்லாரும் நடுவிலேயே அவசர அவசரமாகத் தேய்க்கிறார்கள். முழு நீளமும் ஓட விட்டால் ஆயுள் தானாகக் கூடும். திரும்ப இழுக்கும்போது மரத்தில் அழுத்தாமல் தூக்கி எடுக்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர்களுக்கு முதல் மாதத்திலேயே இதைச் சொல்லித் தருவார்கள். நம்மை மாதிரி இன்ஜினியரிங் பட்டதாரிகளுக்குத்தான் வொர்க்‌ஷாப் லேப் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதோடு அது முடிந்துபோனது.

சுத்தம் செய்வது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. முதலில் கைப்பிடியைக் கழற்றிவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போதும். பிசின் மாதிரி இறுகியிருந்தால் கொஞ்ச நேரம் மண்ணெண்ணெயிலோ டர்பன்டைனிலோ ஊறட்டும். பிறகு பித்தளை வயர் பிரஷ்ஷால் பல்லின் சாய்வு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகவே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் பிரஷ்தான் போகும். இடுக்கில் அடம் பிடிக்கிற துணுக்கை எடுக்க, ஒரு செம்புக் கம்பியின் நுனியைத் தட்டித் தட்டையாக்கி வைத்துக்கொள்ளுங்கள். நிறைய அரம் இதோடு பிழைத்துக்கொள்ளும். நம்பாவிட்டால் ஒரு மரத்துண்டில் தேய்த்துப் பாருங்கள்.

துரு இருந்தால் அடுத்த கட்டம். மளிகைக் கடை வெள்ளை வினிகர், அல்லது எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்தான், லிட்டருக்கு 50 கிராம்). பிசுக்கை முழுதாக எடுத்த பிறகுதான் இதில் போட வேண்டும். எண்ணெய் இருக்கிற இடத்தில் அமிலம் இறங்காது. உயரமான பிளாஸ்டிக் ஜாடியில் நிறுத்தி வையுங்கள், குழம்புப் பாத்திரத்தை எடுத்து வீட்டில் பஞ்சாயத்தைக் கூட்டாதீர்கள். எலுமிச்சை உப்பென்றால் சில மணி நேரம், வினிகரென்றால் ஒரு ராத்திரி. இடையிடையே எடுத்து பிரஷ் போட்டுப் பார்க்க வேண்டும். மறந்து ஒரு வாரம் விட்டால் துருவோடு பல்லும் போய்விடும். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, வெந்நீரில் அலசி, உடனே ஹேர் டிரையர் போட்டுக் காய வையுங்கள். 'உடனே' என்பதுதான் முக்கியம். பெங்களூர் ஆகஸ்ட் ஈரத்தில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு பூத்துவிடும். காய்ந்ததும் லேசாக ஒரு சொட்டு மெஷின் எண்ணெய். மரத்தில் வேலை செய்யுமுன் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மரத்தில் கறை.

அமிலத்தில் போட்டால் அரம் கூராகும் என்று சொல்கிறார்களே, உண்மையா? ஓரளவு உண்மை. அமிலம் எஃகை எல்லாப் பக்கமும் ஒரே சீராக அரிக்கிறது. பல்லின் இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும்போது, உருண்டிருந்த நுனி மெலிந்து கூராகிறது. லேசாக மழுங்கிய அரத்துக்கு இது நன்றாகவே பலன் தரும். பல் உடைந்ததற்கும் நுனி தட்டையாகிப் போனதற்கும் வினிகர் என்ன, அமிர்தமே ஊற்றினாலும் வேலைக்காகாது. "பழைய அரம் புத்தம் புதுசாகும் மேஜிக்!" என்று கூவுகிறவர்களை நான் நம்புவதில்லை. புதிதாகாது, ஆனால் வேலை செய்யும்.

வீடியோக்காரர்கள் செய்கிற கொடுமை தனிக் கதை. யூட்யூபில் பழைய அரம் என்று தேடினால் வரிசையாகக் கத்தி செய்யும் வீடியோக்கள்தான் வருகின்றன. நல்ல பல் இருக்கிற பத்து இன்ச் அரத்தைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து, கத்தியாக்கி, ஒரு தக்காளியை நறுக்கிக் காட்டிக் கைதட்டல் வாங்குகிறார்கள். தக்காளி நறுக்க நம் வீட்டில் ஏற்கெனவே கத்தி இல்லையா? பல் முழுக்கப் போன அரத்தைக் கொல்லரிடம் கொடுத்து கத்தியோ உளியோ அடித்து வாங்குவது நம் ஊர் வழக்கம்தான், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உயிரோடு இருப்பதை எதற்குக் கொளுத்துகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. இன்னொரு கூட்டம் துருவேறிய அரத்தைக் கிரைண்டரில் பிடித்துக் கண்ணாடி மாதிரி பளபளப்பாக்கி 'ரெஸ்டோரேஷன்' என்கிறது. பல்லைத் தேய்த்துவிட்டால் அப்புறம் அது அரமா, பேப்பர் வெயிட்டா?

புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றால் வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பத்து பீஸ் செட்டை மட்டும் தொடாதீர்கள். நான் கையில் எடுத்துப் பார்த்தவற்றில் பல் ஒழுங்காகக் கடினமாக்கப்படவே இல்லை, ஒரு கதவு விளிம்பில் தேய்ப்பதற்குள் மினுக்க ஆரம்பித்துவிட்டது. பத்தில் ஏழை வாழ்நாளில் பயன்படுத்தவே மாட்டீர்கள். வீட்டு மர வேலைக்கு எட்டு அல்லது பத்து இன்ச்சில் அரைவட்ட ராஸ்ப் ஒன்று, அதே அளவில் அரைவட்ட அரம் ஒன்று, உருண்டையான எலிவால் அரம் ஒன்று. கைரம்பம் இருந்தால் அதைத் தீட்ட ஒரு சின்ன முக்கோண அரம். போதும். அரைவட்டத்தில் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு என்பதால் இரண்டு வேலையும் ஆகிவிடும்.

கடையில் 'பாஸ்டர்ட்', 'செகண்ட் கட்', 'ஸ்மூத்' என்பார்கள் (திட்டவில்லை, பல்லின் சொரசொரப்பைச் சொல்கிறார்கள்). இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே பெயர் போட்டிருந்தாலும் நீளம் கூடினால் பல்லும் பெரிதாகும். பன்னிரண்டு இன்ச் பாஸ்டர்டும் ஆறு இன்ச் பாஸ்டர்டும் ஒன்றல்ல. இன்ச் கணக்கில் கைப்பிடிக்குள் போகிற வால் சேராது. கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு இருக்கிறதா என்று பாருங்கள், கவருக்குள்ளேயே துரு இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

நம் நாட்டு அரத்துக்குக் குறைவில்லை. கோட்டு சூட்டுத் துணிக்குப் பேர் போன ரேமண்ட் குழுமத்தோடு பல காலம் சேர்ந்து அறியப்பட்ட ஜேகே அரங்கள் மகாராஷ்டிராவின் ரத்னகிரி போன்ற ஊர்களில் செய்யப்பட்டு உலகம் முழுக்கப் போகின்றன. அதை விட்டுவிட்டு, அமெரிக்கா போய் வந்த நண்பர்கள் சிலர் பிரான்ஸின் ஓரியூ, லியோஜியே ராஸ்ப்தான் ராஸ்ப் என்று பேசுகிறார்கள். அவை அருமையானவை, மறுக்கவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு பல்லையும் ஆள் உட்கார்ந்து கையால் குத்துகிறார். கையால் குத்துவதால் பற்கள் நேர் வரிசையில் நிற்காது, மரத்தில் கோடு கோடாகப் பள்ளம் விழாது. வீணையோ கிடாரோ செய்கிறவர் வாங்கட்டும். மனைப்பலகைக்கு விளிம்பு தேய்க்கிற நமக்கு, தபாலும் சுங்கமும் கட்டி அவ்வளவு பணம் போடத் தேவை இல்லை. வாங்கிச் சுவரில் மாட்டி வைத்திருக்கிற ஒருவரை எனக்குத் தெரியும், இதுவரை ஒரு மரமும் அதன் மேல் படவில்லை.

இதைவிட நல்ல வழி பழசை வாங்குவது. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ வந்த பிறகு பொம்மனஹள்ளியிலிருந்து மார்க்கெட் பக்கம் போவது பெரிய விஷயமே இல்லை. ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சை வழிக்கு மாறினால் கே.ஆர். மார்க்கெட், சிக்பேட்டை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பக்கம் தெருவில் பரப்பி வைத்திருக்கும் பழைய சாமான்களில் அரம் இல்லாத நாளே இல்லை. பேரம் பேசினால் ஒரு காபி, வடை விலைக்குக் கிடைக்கும். ஒரு தடவை குதிரைக் குளம்பு தேய்க்கிற நீள ராஸ்ப் ஒன்று கிடைத்தது. குளம்புக்கு மழுங்கிவிட்டது என்று லாடம் கட்டுகிறவர் கழித்துப் போடுவது மரத்துக்குத் தாராளமாகப் போதும்.

"உன் ஒரு மணி நேரச் சம்பளம் எவ்வளவு, நானூறு ரூபாய்க்கு ஒரு நாளை வீணாக்குறியே" என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு யாரும் மணிக் கணக்கில் சம்பளம் தருவதில்லை. சில்க் போர்டு சிக்னலில் வருஷக்கணக்காக நின்ற நேரத்துக்கு இந்தக் கணக்கை யாரும் போட்டு நான் பார்த்ததும் இல்லை.

கிரைண்டரும் சாண்டரும் இருக்கும்போது கையால் எதற்கு என்பது அடுத்த கேள்வி. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறவர்கள் இதைக் கேட்கலாமா? ஞாயிற்றுக்கிழமை டிரில் போட்டாலே அசோசியேஷன் குழுவில் பத்து மெசேஜ் வருகிறது. ராஸ்ப் சத்தம் அடுத்த அறைக்கே கேட்காது. அதைவிட முக்கியம் தூசி. மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-இலேயே சேர்த்துவிட்டது. சாண்டர் கிளப்புகிற பொடி காற்றில் மிதந்து மூக்கில் போகும். ராஸ்பில் வருவது துருவல் மாதிரிக் கனமாகக் கீழே விழும், கூட்டி அள்ளிவிடலாம். (கடைசி வழவழப்புக்கு உப்புத்தாள் போடும்போது மாஸ்க் போடுங்கள்.) இரண்டு படுக்கையறை வீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு எதை ஓட்டுவீர்கள்?

இதெல்லாம் கருவி பற்றிய வாதம். ஆனால் எனக்கு நிஜமாகக் கோபம் வருவது வேறு ஒன்றில். அரத்தோடு பால்கனியில் உட்கார்ந்தால் நம் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, "என்னங்க, ஆசாரி வேலையெல்லாம் ஆரம்பிச்சிட்டீங்க?" சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார்கள். அந்தச் சிரிப்பில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையால் செய்கிற வேலை கீழ், கீபோர்டில் செய்வது மேல். அதிலிருந்து தப்பித்து மேலே வரத்தானே படித்தோம், திரும்பவும் எதற்கு அங்கே போகிறாய் என்பதுதான் அதன் பொருள். ஓசூர் ரோட்டின் இரண்டு பக்கமும் லேத்திலும் தையல் மெஷினிலும் வேலை செய்கிற ஆயிரக்கணக்கான நம் ஆட்களைப் பார்த்துக்கொண்டே தினமும் ஆபீஸ் கேப்பில் போகிறோம். அப்படியிருந்தும் இந்தச் சிரிப்பு போகவில்லை.

ஊர் வீட்டை விற்கும்போது இது நன்றாகவே வெளிப்படுகிறது. பித்தளை அண்டா, உருளி, குத்துவிளக்கு எல்லாம் பத்திரமாக லாரி ஏறி பெங்களூர் வந்துவிடும். பாலிஷ் போட்டு வரவேற்பறையில் வைத்து, உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட்டு, வருகிறவர்களிடம் "பாட்டியோடது" என்று பெருமையாகச் சொல்வோம். அப்பாவின் தகரப்பெட்டி? அதில் இருந்த இழைப்புளி, உளி, அரம்? கிலோ கணக்கில் பழைய இரும்புக் கடைக்கு. என் அப்பா திருச்சியில் ஃபிட்டர். அவர் பெட்டியும் அப்படிப் போக இருந்ததுதான். "பெங்களூர்ல இதை எங்கடா வைப்பே?" என்று சித்தப்பா கேட்டார். உருளியை எங்கே வைப்பாய் என்று யாரும் கேட்கவில்லை. பெட்டியில் ஒன்பது அரம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கொய்யா மரக் கிளையில் கைப்பிடி, எல்லாமே அவர் கை அளவுக்குச் செதுக்கியவை. சுத்தம் செய்த பிறகு ஆறு நன்றாக வெட்டுகிறது, ஒன்று சுமார். இரண்டு மட்டும் நிஜமாகவே முடிந்துபோனது. ஒன்பதுக்கு ஆறு. பழைய இரும்புக் கடைத் தராசில் அந்த ஆறும் சேர்ந்துதான் ஏறியிருக்கும்.

அந்த ஆறில் ஒன்றை வைத்துத்தான் மழைக்கு உப்பி இறுகுகிற குளியலறைக் கதவின் விளிம்பை வருஷா வருஷம் சரிசெய்கிறேன் (இழைப்புளி ஓட்டத் தெரிந்தவர்கள் அதையே ஓட்டலாம், இன்னும் நேராக வரும்). மகள் கிரிக்கெட் பேட்டின் பிடியை அவள் கைக்கு ஏற்ற மாதிரி மெலிதாக்கினாள், பதினோரு வயதில், அவளே. தயிர் மத்தில் எழும்பிய சிராயைத் தேய்த்துக் கொடுத்ததும் வீட்டில் எனக்கு மதிப்பு கொஞ்சம் கூடியது. கான்ட்ராக்டரைக் கூப்பிட்டால் இந்தச் சின்ன வேலைக்கெல்லாம் வரவே மாட்டார்.

வைத்துக்கொள்வது பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லா அரத்தையும் ஒரே டப்பாவில் போட்டு உருட்டாதீர்கள், பல்லோடு பல் மோதினால் அதுவே மழுங்கிவிடும். பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தடுப்புத் தடுப்பாகத் தைத்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு. மரத்துக்கு வைத்திருப்பதை இரும்பில் போடக் கூடாது. தேக்கில் சிலிக்கா உண்டு, எம்.டி.எஃப்., பிளைவுட்டில் பசை உண்டு, இரண்டும் பல்லைச் சீக்கிரம் தின்னும். அதற்குப் பழைய அரத்தை ஒதுக்கிவிடுங்கள். வேலைக்கு நடுவே அடைத்துக்கொண்டே இருந்தால் பல்லில் சாக்பீஸ் தேய்த்துக்கொள்ளலாம்.

டிஸ்கி 1: கைப்பிடி இல்லாத அரத்தை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். தடுக்கி நின்றால் அந்தக் கூரான வால் நேராக உள்ளங்கையில் ஏறும். நெம்புகோலாகவும் பயன்படுத்தாதீர்கள், கண்ணாடி மாதிரிப் படக்கென்று உடைந்து தெறிக்கும்.

டிஸ்கி 2: வினிகர் மெதுவாக வேலை செய்கிறதே என்று டாய்லெட் கிளீனர் ஆசிட்டை எடுக்காதீர்கள். புகையும் ஆபத்து, எஃகையும் நொறுங்க வைக்கும். எந்த அமிலத்தோடும் பிளீச் கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும். ஜாடியைப் பால்கனியில், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மேலே 'குடிக்க அல்ல' என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டுங்கள். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்குக் கன்னடம்தான் படிக்கத் தெரியும்.